அந்த பேஸ்மென்ட் யாரோட வீடு?

நடுவர் ஐயாவுக்கும் எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையா உக்காந்து கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஹிப் ஹாப் புரொட்யூசரை உருவாக்குறது தனிமையும் மெஷினுமா, இல்ல வீடும் தெருவுமா, இதுதான் தலைப்பு. நான் வீடும் தெருவும்தான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி நல்லாவே பேசினாரு, அதை ஒத்துக்கிறேன். ஜே டில்லாங்கற அமெரிக்க ஹிப் ஹாப் புரொட்யூசர எடுத்தாரு. பொறந்து ரெண்டே மாசத்துல சுருதி சேர்ந்த குழந்தைன்னாரு, பேஸ்மென்ட்ல, அதாவது வீட்டுக்கு அடியில இருக்கற ரூம்ல, தனியா உக்காந்து பீட் செஞ்ச பையன்னாரு, கடைசி ஆல்பத்தை ஆஸ்பத்திரி கட்டில்ல ஒத்தையா முடிச்ச மனுஷன்னாரு, முடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, வாஷிங்டன் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிறது அவரோட மெஷினைத்தான், அவங்க வீட்டையோ தெருவையோ இல்லன்னு. பெரிய கைதட்டு. நான் வேற ஆளத் தேடிப் போகல, அதே ஜே டில்லாவையே எடுத்துக்கிறேன் ஐயா.

முதல்ல ஒண்ணு தெளிவாக்கிடறேன். புரொட்யூசர்னா நம்ம ஆளுங்க சினிமாவுக்குக் காசு போடுறவர்னு நெனச்சுப்பாங்க. ஹிப் ஹாப்ல அப்படி இல்ல. பழைய ரெக்கார்ட்ல இருந்து ரெண்டு செகண்ட், மூணு செகண்ட் துண்டு எடுத்து, அதை வெட்டி, வேகம் மாத்தி, அடில ட்ரம்ஸ் போட்டு, ராப் பாடுறவங்க நிக்கறதுக்கு ஒரு தரை போட்டுத் தர்றாரே அவர்தான் புரொட்யூசர், அந்தத் தரைக்குப் பேர்தான் பீட். இதுல நல்லா கவனிங்க, கச்சாப்பொருளே இன்னொருத்தர் வாசிச்ச பாட்டு. ஒரு புரொட்யூசர் கைல முதல்ல வந்து விழற ரெக்கார்ட் யாரோடது? அவங்க அப்பா அம்மாவோடது.

இந்தக் கலை பொறந்த நாளையே எடுத்துக்கோங்களேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஸ்கூல் தொறக்கப் போகுது, புது டிரஸ் வாங்கணும்னு சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு தன் அபார்ட்மென்ட் பொது ஹால்ல பார்ட்டி வைக்குது, பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட அண்ணனைக் கூப்பிடுது. அந்த அண்ணன்தான் ஹிப் ஹாப்பை ஆரம்பிச்சு வச்சவர்னு சொல்ற டிஜே கூல் ஹெர்க். தங்கச்சி நடத்துன பார்ட்டில, அண்ணன் போட்ட ரெக்கார்ட்ல ஆரம்பிச்ச கலையப் போய் தனிமைல பொறந்ததுன்னு எப்படிங்க சொல்ல முடியும்?

சரி, டில்லாவுக்கு வரேன். ஜேம்ஸ் டெவிட் யான்சி, 1974 பிப்ரவரி 7, டெட்ராய்ட். அம்மா மொரீன் யான்சி ஆப்பரா பாடுனவங்க, அப்பா ஜாஸ் இசையில பேஸ்ங்கற அடிக்குரல் தந்தி வாத்தியம் வாசிச்சவர். ரெண்டு மாசத்துலயே சுருதி பிசகாம ஹார்மனி சேர்ந்தான் எம் புள்ளன்னு சொன்னது அவங்க அம்மாதான். தம்பி இதை வச்சுத்தான் பிறவி மேதைன்னு சொன்னாரு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஹார்மனி சேர்றதுன்னா ஏற்கனவே ஒருத்தர் பாடிட்டு இருக்கணும்ல? யாரும் பாடாத வீட்டுல ஒரு குழந்தை எதோட போய் சேரும்? ரெண்டு வயசுலயே ரெக்கார்ட் சேர்க்க ஆரம்பிச்சாரு, பார்க்ல கொண்டு போய் போட்டுக் காட்டுவாரு. ரெண்டு வயசுப் பையன் தனியா கடைக்குப் போய் ரெக்கார்ட் வாங்கிட்டு வந்திருப்பானா ஐயா, யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க, யாரோ காசு கொடுத்திருக்காங்க, கீறல் விழும் வைடான்னு புடுங்காம அந்தப் பிஞ்சுக் கையில ரெக்கார்டைக் கொடுத்திருக்காங்க. விளையும் பயிர் முளையிலே தெரியும்னு எதிரணில சொன்னாங்க. தெரியட்டும். ஆனா முளை வெறும் பாறையில விடாதுங்க.

இப்ப அந்த பேஸ்மென்ட். எதிரணி வாதம் மொத்தமும் அந்த ரூமுக்குள்ளதான் உக்காந்திருக்கு, அதனால நானும் அங்க கொஞ்ச நேரம் நின்னு பேசறேன். அவங்க குடும்பம் இருந்த இடம் டெட்ராய்ட் கிழக்குப் பக்கம் கோனன்ட் கார்டன்ஸ். கறுப்பினக் குடும்பங்கள் சொந்தமா வீடு வாங்கி வாழ்ந்த ஏரியா. கறுப்பர்களுக்கு இந்த நிலத்தை விக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி வச்ச காலம் ஒண்ணு அமெரிக்காவுல இருந்துச்சு. அந்தக் காலத்துல அந்தத் தடை இல்லாத நிலம் இது, அந்தப் பேரே ஷுபேல் கோனன்ட்னு ஒருத்தரால வந்தது, அடிமை முறைய எதிர்த்தவர், 1837-ல டெட்ராய்ட்ல அடிமை முறை எதிர்ப்புச் சங்கம் ஆரம்பிச்சதுல முக்கியமான ஆள். அப்புறம் ஊர் சரிஞ்சுது. 1950-ல 18 லட்சம் பேருக்கு மேல இருந்த டெட்ராய்ட்ல 1990-ல 10 லட்சம் பேர்தான் மிச்சம். ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த மோடவுன் ரெக்கார்ட் கம்பெனி கூட 1972-ல லாஸ் ஏஞ்சலஸுக்குக் கெளம்பிடுச்சு. இப்படி ஒரு ஊர்ல ஒரு டீனேஜ் பையனுக்குக் கதவை மூடிக்கிட்டு உக்கார ஒரு பேஸ்மென்ட் கெடைச்சுதுன்னா, அது அவனாத் தேடிக்கிட்ட தனிமை இல்ல. வீடு வாங்குன தலைமுறை கொடுத்தது, ராத்திரி பூரா கீழ டம் டம்னு சத்தம் வந்தும் நிறுத்துடான்னு சொல்லாத அப்பா அம்மா கொடுத்தது. தனிமை தனிமைங்கறீங்களே, அந்தத் தனிமையே ஒரு குடும்பம் சேர்த்து வச்ச சொத்துங்க.

அங்க அவரு மொதல்ல செஞ்சது பாஸ் டேப். கேசட் டெக்ல ரெக்கார்ட் பண்றது, வேணுங்கற இடம் முடிஞ்சதும் பாஸ் பட்டனை அமுக்கறது, பாட்டத் திருப்பி வைக்கறது, அதே இடத்தை மறுபடி ரெக்கார்ட் பண்றது, இப்படியே ஒட்டி ஒட்டி ஒரு லூப். விரல் ஒரு இம்மி தப்பினாலும் தாளம் உடைஞ்சிடும். அந்த உழைப்பை நான் மறுக்கவே மாட்டேன், கும்பிடறேன். ஆனா கேசட் டெக்கோட அவரு நின்னிருந்தா இந்த மேடையில நாம அவரப் பத்திப் பேசிட்டு இருப்போமா?

அங்கதாங்க தெரு வருது. அதே ஏரியால ஆம்ப் ஃபிட்லர்னு ஒரு கீபோர்ட் வாசிக்கிறவர், ஜார்ஜ் கிளின்டனோட பார்லிமென்ட் ஃபங்கடெலிக்ங்கற பெரிய ஃபங்க் இசைக்குழுவுல வாசிச்சவர். உலகம் சுத்துன ஆளு, ஆனா தன் வீட்டை ஏரியாப் பசங்களுக்குத் தொறந்து விட்டிருந்தாரு, கேம்ப் ஆம்ப்னே அதுக்குப் பேரு. 90-கள் ஆரம்பத்துல டில்லா அங்க போறாரு. அங்கதான் அகாய் கம்பெனியோட எம்பிசி மெஷின்ல அவரு மொதமொதல்ல கை வைக்கிறாரு. சாம்ப்ளர்னு சொல்வாங்க, சத்தத் துண்டுகளை உள்ள ஏத்திப் பட்டனைத் தட்டி வாசிக்கிற மெஷின். 16 பட்டன், ரோஜர் லின் டிசைன் பண்ணது. எம்பிசி 60-ங்கற மாடல்ல கூடுதல் மெமரி போடலன்னா மொத்தமே 13 செகண்ட் சத்தம்தான் உள்ள நிக்கும். பதிமூணே செகண்ட்! அதுக்குள்ள ட்ரம்ஸ், பேஸ், மெலடி எல்லாத்தையும் அடக்கணும். அப்ப அது சாதாரண வீட்டுப் பையன் நெனச்சவுடனே வாங்கற வெலை இல்ல. ஒரு பெரிய மியூசிஷியன் தன் சோறு போடுற மெஷின்ல ஒரு பதினெட்டு வயசுப் பையனை உக்கார வச்சு, இந்தா கத்துக்கோன்னு விட்டாரு. எதிரணி மெஷின் மெஷின்னு சொன்னாங்களே, அந்த மெஷினே பக்கத்துத் தெருல இருந்து வந்தது ஐயா!

டில்லாவோட ட்ரம்ஸ் ஏன் தனியாத் தெரியுதுன்னு தம்பி சொல்லாம விட்டுட்டாரு, நான் சொல்லிடறேன், ஏன்னா எனக்கு இந்த விஷயத்துலயே உயிரு அதுதான். அந்த மெஷின்ல குவான்டைஸ்னு ஒண்ணு இருக்கு. நீங்க முன்ன பின்ன தட்டினாலும் அது இழுத்துக் கட்டத்துக்குள்ள சரியா வச்சிடும். எல்லாரும் போடுவாங்க. டில்லா பல எடத்துல அதை விட்டுட்டுக் கையால தட்டுனதை அப்படியே வச்சாரு, இன்னும் சில எடத்துல வேணும்னே நகர்த்தி வச்சாரு. ட்ரம்ஸ் செட்ல ஸ்னேர், கிக், ஹை ஹேட்னு தனித்தனி சத்தம் இருக்கு, அதுல ஸ்னேர் ஒரு நூல் முன்னாடி விழும், கிக் கொஞ்சம் சோம்பலா பின்னாடி வரும், ஹை ஹேட் இன்னொரு நடையில போகும், மூணும் தனித்தனியா நடக்கற மாதிரி இருக்கும் ஆனா ஒண்ணாத்தான் போய்ச் சேரும். மொதல்ல அந்தக் கிக் சத்தத்தைக் கேட்டப்ப குடிச்சிருக்கற மூணு வயசுக் குழந்தை அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு க்வெஸ்ட்லவ் சொல்லிருக்காரு, ரூட்ஸ் பேண்ட் ட்ரம்மர், அவ்வளவு கறாரா தாளம் அடிக்கிற மனுஷன். இது மெஷின் கத்துக் கொடுத்ததா? மெஷின் கத்துக் கொடுக்கறது நேர்க்கோடு. பேஸ் வாசிக்கிற அப்பா பக்கத்துல வளர்ந்த புள்ளைக்குத்தான் பேஸும் ட்ரம்ஸும் ஒரு மயிரிழை தள்ளி நின்னா உடம்பு தானா ஆடும்னு கேட்டுக் கேட்டே தெரியும்னு நான் நம்பறேன். மெஷினோட பாடத்தைத் தூக்கிப் போட அவருக்குத் தைரியம் கொடுத்தது அந்த வீட்டுக் காதுதான்.

ஸ்கூலும் தெருதானே. பெர்ஷிங் ஹைஸ்கூல் வட்டத்துல டி3, பாட்டின்னு ரெண்டு பசங்க, மூணு பேரும் சேர்ந்ததுதான் ஸ்லம் வில்லேஜ். 1994-ல லாலாபலூசாங்கற, ஊர் ஊராப் போற இசைவிழா டூர். ஜார்ஜ் கிளின்டன் ஆளுங்களோட ஆம்ப் ஃபிட்லரும் அதுல போறாரு, எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்ங்கற பெரிய ராப் குழுவும் அதே டூர்ல. அந்தக் குழுவோட க்யூ டிப் கிட்ட டில்லாவை ஆம்ப் அறிமுகப்படுத்தி வைக்கிறாரு, டில்லாவோட டேப் கை மாறுது. க்யூ டிப் அந்த டேப்பைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கல, போற எடமெல்லாம் போட்டுக் காட்டினாரு, ஃபார்சைட்ங்கற ராப் குழு வந்து எங்களுக்குப் பீட் பண்ணிக் குடுங்கன்னு கேட்டப்ப இந்தப் பையனைப் பாருங்கன்னு கையைக் காட்டினாரு. 1995-ல ஃபார்சைட்டோட ரெண்டாவது ஆல்பம், அதுல டில்லா பீட். 1996-ல டி லா சோல்ங்கற ராப் குழுவோட ஆல்பம், அதே வருஷம் ட்ரைப் ஆல்பம். பேஸ்மென்ட்ல இருந்து இங்க வர ரெண்டே வருஷம், ஒவ்வொரு கதவுக்கும் பின்னாடி பேர் சொல்லக்கூடிய ஒரு மனுஷன் நிக்கறாரு.

இதுல ஒண்ணை நான் மறைக்கக் கூடாது. கூட்டம் அவர் பேரை முழுங்கிச்சுன்னு எதிரணியோட ரெண்டாவது பேச்சாளர் சொன்னாரு. அது உண்மை. க்யூ டிப், அவரோட ட்ரைப் குழுவுல இருந்த அலி ஷஹீத் முகமதோட சேர்ந்து உம்மாங்கற பேர்ல வேலை செஞ்ச காலத்துல அவரு தனியா செஞ்ச பீட் கூட அந்தப் பொதுப் பேர்லதான் வந்துச்சு, கேட்ட ஜனத்துக்கு டில்லான்னு ஒருத்தர் இருக்கறதே லேட்டாத்தான் தெரிஞ்சுது. எனக்கும் அது வருத்தம்தான். ஆனா தலைப்பு என்னங்க, உருவாக்குறது எதுங்கறதுதானே. பேர் கெடைக்க வைக்கிறது எதுன்னு கேட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிருப்பேன். அந்த வருஷங்கள்லதான் அவரு பத்து விதமான குரலுக்குத் தரை போடக் கத்துக்கிட்டாரு, அங்க இருந்துதான் க்வெஸ்ட்லவ், டி ஆஞ்சலோ, ஜேம்ஸ் பாய்சர் இவங்களோட சோல்க்வேரியன்ஸ்ங்கற இசைக் கூட்டம், ராப் பாடுற காமனோட 2000-ம் வருஷ ஆல்பம் எல்லாம். 2001-ல தன் பேர்ல மொத ஆல்பம் போடும்போது எதுக்கு ஐயா வரவேற்பு வச்சாரு? டெட்ராய்ட்டுக்கு! வெல்கம் டு டெட்ராய்ட்னு தலைப்புலயே ஊர் பேரு.

கடைசியா ஆஸ்பத்திரி. இதைப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும், மன்னிச்சுக்கோங்க. அவருக்கு ரத்தத்துல வர்ற டிடிபிங்கற அரிய நோய், கூடவே உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற லூபஸ். 2004-ல லாஸ் ஏஞ்சலஸ் போயிட்டாரு. அந்தக் கடைசி ஆல்பம் டோனட்ஸ் முழுக்க ஆஸ்பத்திரி கட்டில்ல ஒத்தையா செஞ்சதுன்னு ஒரு கதை ஓடிட்டே இருக்கு. அதுல பெரும்பகுதி அதுக்கு முன்னாடியே பீட் டேப்பா உருவாகிடுச்சு. ஆஸ்பத்திரில வேலை நடந்துச்சு, இல்லன்னு சொல்லல, சின்னதா ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு சாம்ப்ளர். ஆனா ஒத்தையா? அவங்க அம்மா டெட்ராய்ட்ட விட்டுட்டு வந்து பக்கத்துலயே இருந்தாங்க. ரெக்கார்ட் பெட்டியத் தூக்கிட்டு வருவாங்க, புள்ள அதுல ஒரு சிலதை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு மீதிய வேணாம்னு தள்ளிடுவாரு. விரல் வீங்கி மடங்காமப் போனப்ப அந்தக் கையப் பிடிச்சு நீவி விட்டது அந்த அம்மா, நீவி விட்டப்புறம் மறுபடி பட்டனைத் தட்டுவாரு. 2005 கடைசில வீல்சேர்ல ஐரோப்பா டூர் போனாரு, அங்கயும் அம்மா கூடவே. 2006 பிப்ரவரி 7, அவரோட 32-வது பிறந்தநாள், டோனட்ஸ் வெளிய வருது, 31 ட்ராக். மூணு நாள் கழிச்சு பிப்ரவரி 10, அவர் இல்ல. பாதில நின்ன இன்னொரு ஆல்பத்தை டெட்ராய்ட் ட்ரம்மர் கரீம் ரிகின்ஸ் முடிச்சு அதே வருஷம் வெளிய கொண்டு வந்தாரு. ஆளு போனப்புறமும் வேலை நின்னுடலங்க.

நடுவர் மணி அடிச்சுட்டாங்க, ஒரே நிமிஷம். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வரேன். வாஷிங்டன்ல ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு பண்பாட்டுக்கான தேசிய மியூசியம், 2016-ல தொறந்தாங்க. உள்ள இருக்கறது அவரோட எம்பிசி 3000. வீட்டையும் தெருவையும் வைக்கல, மெஷினைத்தான் வச்சிருக்காங்கன்னு தம்பி சொன்னாரு. அந்த மெஷின் அங்க எப்படிப் போச்சு தம்பி? 2014-ல, கட்டடம் தொறக்கறதுக்கு முன்னாடியே, அதை மியூசியத்துக்குக் கொடுத்தது மொரீன் யான்சி. அவங்க அம்மா.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.