சூரியனைப் பாடிக் கறப்பது

(ஹட்டன் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, வேலைப்பளுவிலும் வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, தோட்டத் தலைவர்மாரே, அரைநாள் கூலியான அரைப்பேரை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்துக்குத் தனி நன்றி. இந்தக் குளிருக்கு அது உதவுகிறது.

சூரியச் சுவாலை என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பது, நமக்கு என்ன ஆபத்து என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார் எங்கள் அப்பாயி. சூரியனும் அப்படித்தான், அதன் வழியிலேயே போய்த்தான் பார்க்கணும்.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் கரிங்டன் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு வெள்ளொளி! அதுதான் சூரியச் சுவாலை, சூரியனில் சக்தி திடீரென்று வெடித்துப் பாய்வது. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பினால் பாதி அடங்கிவிட்டது. மறுநாள் அதன் தாக்கம் காந்தப் புயலாகப் பூமிக்கு வந்தது. அமெரிக்காவில் பொஸ்டன் தந்திக்காரரும் போர்ட்லண்ட் தந்திக்காரரும் பெட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் புயல் கம்பியில் தூண்டிய மின்னோட்டத்திலேயே இரண்டு மணி நேரம் பேசினார்கள். கரண்ட் பில் யார் கட்டினது என்று கேட்காதீர்கள்! (சிரிப்பொலி)

வெள்ளொளியில் சுவாலை தெரிவது அபூர்வம். பாடிக் கறக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். 1800இல் ஹேர்ஷல் என்ற வானியலாளர், அரியம் என்ற முக்கோணக் கண்ணாடி பிரித்த நிறங்களில், சிவப்பைத் தாண்டி ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார்; ரசம் ஏறியது. அந்தக் கதிரில், 1.6 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில், சூரியனின் ஒளிக்கோளம், அதாவது நாம் பார்க்கும் மேற்பரப்பு, மிக ஆழம்வரை தெரியும். 2003 ஒக்டோபர் 29இன் எக்ஸ்10 என்ற மிகப் பலமான வகைச் சுவாலையை நியூ மெக்சிக்கோவிலிருந்து அப்படிப் பார்த்தபோது அங்கேயும் வெளிச்சம். மேலிருந்து பாயும் இலத்திரன்கள் அவ்வளவு கீழே இறங்க முடியாதே, பிறகு சக்தி எப்படிப் போனது? இது லேசில் தீரும் கேள்வி அல்ல.

நீராவி இந்தக் கதிரை விழுங்கும். அதனால்தான் ஹவாயில் 3,000 மீற்றருக்கு மேலே 4 மீற்றர் கண்ணாடியுள்ள சூரியத் தொலைநோக்கி வைத்தார்கள். நம்ம பிதுருதலாகலையும் 2,524 மீற்றர்தான், ஆனால் மூடுபனி விடாதே! ஆகவே நான் தொலைநோக்கி கேட்கவில்லை, பணிப்பாளர் ஐயா. பௌதிகவியல் ஆசிரியர் கேட்கிறேன். ஒரு தோட்டப் பாடசாலை அலுமாரியில் அரியம் ஒன்று பழைய பேப்பர் சுற்றியபடி கிடக்கிறது; பிரித்துக் காட்ட ஆள் இல்லை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையைக் கலைப்பிரிவில் தள்ளுகிறோம். பாடுற மாட்டின் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறோம்!

தலைவர் மணி அடித்துவிட்டார், மூன்றாவது விஷயம் அடுத்த வருஷம். ஆசிரியர் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேத்தண்ணிக்குப் போகுமுன் கையெழுத்துப் போடுங்கள்.