வாசிகசாலைத் திறப்பும் ஒரு பதின்மூன்று வயதுப் பையனும்

(வாசிப்பு மாதக் கூட்டத்தில் பேசியது. கேட்ட பிள்ளைகள் எழுதித் தரச் சொன்னார்கள்.)

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயா, குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர் தங்கச்சி, மாதர் சங்கத்து அக்காமார், கதவோரம் நிற்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, அதையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். தவிசாளருக்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் போட்டுத் தந்தவர் அவர். அதே கையால் இன்னொன்றும் தருவார் என்ற நம்பிக்கையோடுதான் மேடையேறினேன்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: இளையோர் நாவல் என்றால் என்ன, துக்கத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது, தமிழில் மொழிபெயர்ப்பு ஏன் இவ்வளவு குறைவு. ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். 'எ மான்ஸ்டர் கால்ஸ்', 2011இல் வந்த ஆங்கில இளையோர் நாவல். அதற்கான கருவை வைத்திருந்தவர் ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர். எழுதி முடிக்குமுன் 2007இல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் விட்டுப்போன தொடக்கத்தை எடுத்து பாட்ரிக் நெஸ் எழுதி முடித்தார். இரண்டு பேரும் நேரில் சந்தித்ததே இல்லை. இறந்தவர் கையிலிருந்ததை உயிரோடிருப்பவர் வாங்கித் தொடர்ந்து எழுதிய புத்தகம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

கதை இதுதான். கோனருக்குப் பதின்மூன்று வயது. தாய்க்குக் கடும் நோய். இரவு 12.07க்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள யூ மரம் எழுந்து நடந்து வந்து, நான் மூன்று கதை சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாலாவது கதை அவன் வாயிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. அம்மா பிழைக்க வேண்டும் என்று நினைத்த அதே மனதில், இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றும் நினைத்துவிட்டான். அதை நினைத்ததற்காகத் தன்னையே வெறுக்கிறான்.

எங்கள் ஆச்சி ஒரு பழமொழி சொல்வா: 'அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும்.' துக்கமும் அப்படித்தான், ஒருவருக்காக இன்னொருவர் பட முடியாது. ஆனால் பெறுகிறவளைத் தனியே விட்டுவிட்டு எந்த ஊரும் படுத்துத் தூங்கியதில்லை. மருத்துவிச்சி பக்கத்திலே இருப்பாள்.

இதை நான் கண்ணால் கண்டேன். 2013ஆம் ஆண்டு. எங்கள் ஊரில் ஒரு பையன், பெயர் வேண்டாம், கோனரின் வயதுதான். தகப்பனுடைய லுமாலா சைக்கிள் கொட்டில் பின்புறம் நின்றது. போர் முடிந்து மீளக்குடியேறி வந்தபோது காணிக்குள் கிடந்ததை எடுத்து வைத்தது. இரண்டு ரயரும் வெடித்து, செயினில் கறள் பிடித்து, சீற்றில் தகப்பன் சுற்றியிருந்த நீல நைலோன் கயிறு மட்டும் அப்படியே இருந்தது. அவன் ஓடவும் மாட்டான், ஒருவரைத் தொடவும் விட மாட்டான். பழைய இரும்பு வாங்கும் லொறி அப்போது ஊர் ஊராகத் திரிந்த காலம். தாய்க்கு அரிசிக்குக் காசில்லை, கொடுத்துவிடலாம் என்று லொறியை மறித்தா. பையன் ஓடிவந்து கரியரில் ஏறிக் குந்தினான். இரும்புக்காரர் சைக்கிளோடு சேர்த்து அவனையும் தூக்கப் பார்த்தார்கள், இறங்கவில்லை. ஊரே கூடிவிட்டது. ஒரு பெரியவர் ஏசினார், இன்னொருவர் ஆயிரம் ரூபாயை எடுத்துத் தாயின் கையில் வைத்தார், லொறி போய்விட்டது. இருட்டும்வரை அவன் இறங்கவே இல்லை.

லண்டனிலிருந்து வந்த என் மச்சான் கொண்டுவந்த இந்தப் புத்தகம் அப்போது என்னிடம் இருந்தது. அவனைக் கூப்பிட்டு, பின்னேரங்களில் படலையடிப் பாலை மரத்தடியில் இருத்தித் தமிழில் சொன்னேன். ஒரு கிழமை போனது. கோனர் நாலாவது கதையைச் சொல்லும் இடம் வந்ததும் பையன் மண்ணைக் கிண்டிக்கொண்டு சொன்னான்: "சேர், அப்பா பங்கருக்குள்ள இரவு முழுக்க அனுங்கிக்கொண்டு கிடந்தவர். அந்தச் சத்தம் நிண்டால் காணும் எண்டு நினைச்சனான். விடியக்குள்ள நிண்டிட்டுது."

நாலு வருசம் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை! எட்டு, அந்தியேட்டி, ஆட்டத்திவசம் என்று சடங்குகள் வைத்துத் துக்கத்தைப் படிப்படியாக இறக்கிவைக்க எங்கள் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் செத்தவீடு வைக்கவே நேரமில்லை, புதைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. இறக்கிவைக்காத சுமை அது. அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும், சரி, ஆனால் அழவே இடமில்லாவிட்டால்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் பிழையாக விளங்கக்கூடாது. 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இருந்து போராடிய தாய்மாரைப் பார்த்து 'விட்டுவிடு' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாத தாய் எதை விடுவது? அவர்கள் கேட்பது பதில். நான் பேசுவது, செத்ததைக் கண்ணால் கண்டும் வாய்திறக்காமல் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி.

மொழிபெயர்ப்பைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது, நேரம் போய்விட்டது. தவிசாளர் அவர்களே, என் கோரிக்கைக்கு வருகிறேன். சந்தியிலுள்ள வாசிகசாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. பிள்ளைகள் ரியூசன் முடிந்து வர ஆறு மணி. புதுக் கட்டடம் கேட்கவில்லை, கணினி கேட்கவில்லை. வாசிகசாலைக் கதவின் திறப்பை, சாவியைத் தாருங்கள். எட்டு மணிவரை நான் இருக்கிறேன், மாதர் சங்கத்து அக்காமார் முறைவைத்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மின்கட்டணத்தை ஊரில் சேர்க்கிறோம். ஓர் அலுமாரியில் இளையோருக்கான கதைப் புத்தகம் மட்டும். பரீட்சை வழிகாட்டி ஒன்றும் வேண்டாம், அது வேறு இடத்தில் கிடைக்கிறது.

அந்தப் பையன் பிறகு ரயர், ரியூப் மாற்றி அதே சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனான். நைலோன் கயிற்றை அவிழ்க்கவில்லை.

என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். வருகிற வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முதல் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்குகிறேன். திறப்புக் கிடைத்தால் வாசிகசாலைக்குள்ளே, கிடைக்காவிட்டால் அதன் வாசற்படியில்.

நன்றி, வணக்கம்.