கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு நீராவிக் கப்பல் சர்வீஸ் தொடங்குவதற்கு முதலில் என்ன வேண்டும்? கப்பல்தான் என்பீர்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவன் நான். என்னைக் கேட்டால் கப்பல் நாலாவதாகத்தான் வரும். ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டும். சொன்ன நாளில் கிளம்பிவிடுவார்கள் என்று வியாபாரிக்கு நம்பிக்கை வேண்டும். கரையிலிருந்து கப்பல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தோணி வேண்டும். அப்புறம்தான் கப்பல்.

வ.உ.சி. என்றதும் நமக்கு கோயம்புத்தூர் ஜெயிலும் செக்கும் ஞாபகம் வருகின்றன. வர வேண்டியதுதான். ஆனால் அந்தச் செக்குக்கு முன்னால், தினம் தினம் ஒரு கப்பல் கம்பெனியைக் கட்டி மேய்த்தாரே, அந்த வேலையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. எனக்கு நெடுநாளாக இருக்கிற ஆதங்கம் இது.

1906 அக்டோபர் 16ஆம் தேதி அந்தக் கம்பெனி சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற பெயரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய், மூலதனத்தில் ஐந்தில் ஒரு பாகம். வ.உ.சி. அதில் உதவிச் செயலாளர்தான். பதவியின் பெயர் அது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவரும் அவர்தான், கப்பல் தேடி அலைந்தவரும் அவர்தான்.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். எதிரே நின்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் பின்வாங்கிவிட்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சரக்கு வாங்கி வைத்தாயிற்று, ஆள் டிக்கெட் கேட்கிறான், கப்பல் இல்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. வ.உ.சி. கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து சர்வீஸை நிற்கவிடாமல் ஓட்டினார். என் கணக்கில், பிற்பாடு சொந்தக் கப்பல் வாங்கியதைவிடப் பெரிய காரியம் அதுதான்.

பிறகு அவர் பம்பாய்க்குப் போனார். மூத்த மகன் உலகநாதன் நோயில் படுத்திருந்த நேரம். கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஊரில் சொல்வார்கள். கப்பலோடுதான் வந்தார். 1907இல் காலியா என்ற கப்பல் வந்தது. பிரான்சிலிருந்து லாவோ வந்தது.

வந்து எங்கே நின்றது? இப்போது தோணிக்கு வருகிறேன். நீங்கள் இன்று தூத்துக்குடியில் பார்க்கிற பெரிய துறைமுகம் 1974இல்தான் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் கப்பல் கரைக்கு வராது. இந்தக் கடல் ஆழம் குறைந்த கடல். சில மைல் தள்ளி, முயல் தீவுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரி, அரிசி மூட்டையானாலும் சரி, லாஞ்சு என்கிற சின்ன விசைப்படகிலோ தோணியிலோ போய்த்தான் ஏற வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1969இல், டாலி கிளார்க்காக. ஏற்றுகிற மூட்டையை எண்ணிக் குறிப்பது என் வேலை. முதல் நாள் விடியற்காலை தோணியில் ஏறினேன். கச்சான் காற்று. தண்டல், அதாவது தோணியை ஓட்டுகிற தலைவர், சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வருகிறார். கப்பல் பக்கத்தில் போனதும் தோணி ஒரு ஆள் உயரம் மேலே போகிறது, ஒரு ஆள் உயரம் கீழே இறங்குகிறது. மேலேயிருந்து கயிற்று ஏணி தொங்குகிறது. “தோணி மேலே வந்து நிக்கும்போது ஏணியைப் பிடிங்க தம்பி, இறங்கும்போது பிடிச்சீங்கன்னா தோணி திரும்ப வந்து காலை நசுக்கிடும்” என்றார் தண்டல். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். கப்பலில் பாரம் தூக்குகிற வின்ச்சின் சங்கிலி இறங்கி, வலையில் பத்துப் பன்னிரண்டு மூட்டையை அள்ளிக்கொண்டு மேலே போகும். அலையில் ஒரு மூட்டை நழுவினால் போச்சு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் சாயந்திரம் நான் பதில் சொல்ல வேண்டும்.

காலியாவில் ஏறியவர்களும் இந்தத் தண்ணீரில்தான் ஏறினார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்கள், தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். சரக்கென்று பார்த்தால் அரிசி, கருப்பட்டி, கருவாடு, ஆடு மாடுகூட. இத்தனையையும் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோனவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சுதேசிக் கப்பல் என்றால் அந்தத் தண்டல்களையும் கலாசிகள் என்கிற தோணித் தொழிலாளர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

எதிரே நின்றது யார்? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. அதன் பிறப்பே தபாலில்தான். 1856இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் தபால் கொண்டுபோக சர்க்காரோடு ஒப்பந்தம் போட்டு உருவான கம்பெனி அது. தபால் ஒப்பந்தம் என்பது பார்வைக்குச் சில சாக்குப் பை. ஆனால் கம்பெனிக்கு அது மாதச் சம்பளம் மாதிரி. பிரயாணி வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வரும். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். மதராஸிலிருந்து தபால் ரயிலில் இறங்கி, லாஞ்சு ஏறி, கப்பல் பிடித்து, விடிந்தால் கொழும்பு. அந்தப் பாதையில் வேரூன்றியிருந்தது பி.ஐ. சுதேசிக் கம்பெனிக்கு வியாபாரிகளின் மூட்டையும் ஜனங்களின் டிக்கெட்டும்தான் சோறு.

அதனால்தான் கட்டணப் போட்டி அவ்வளவு கடுமையாக இருந்தது. பி.ஐ. டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தது. சுதேசி எட்டணா என்றது. பி.ஐ. சும்மாவே ஏறு என்றது. ஏறுகிறவனுக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னது. குடை கதையைச் சொல்லாத தூத்துக்குடிக்காரர் கிடையாது. என் தாத்தா சொல்லும்போது குடையை விரிக்கிற மாதிரி கையை விரித்துக் காட்டுவார். கூலிக்குப் போகிற ஒரு ஏழையை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் கூலியே சில அணாதான். இந்தப் பக்கம் சும்மா கொண்டுபோய் விட்டு, வெயிலுக்குக் குடையும் தருகிறான். அந்தப் பக்கம் எட்டணா கேட்கிறான். அப்படியிருந்தும் எட்டணாவை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டு சுதேசிக் கப்பலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். அந்த முடிச்சை அவிழ்த்த கையைத்தான் நான் கும்பிடுகிறேன்.

ஆனால் நஷ்டத்தை நாள்கணக்கில் தாங்க ஒருவனுக்குத் தபால் பணமும் சர்க்காரும் இருந்தன. இன்னொருவனுக்கு 25 ரூபாய்ப் பங்குக்காரர்கள் இருந்தார்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஓட்டியவர் உள்ளே போனபின் கம்பெனி தள்ளாடியது. 1911இல் கலைத்தார்கள். காலியா, யாரை எதிர்த்து ஓடியதோ அவர்கள் கைக்கே போனது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

தனுஷ்கோடியைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், அதனால் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தபால் ரயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று சிறிய கப்பல்கள் தலைமன்னாருக்கு ஓடின. ராத்திரி முழுக்கக் கடலில் போன பயணம் இருபது மைல் சொச்சமாகச் சுருங்கியது. 1964 டிசம்பர் புயல் அந்தத் தனுஷ்கோடியையும் கொண்டுபோனது.

தபாலும் ஆட்களும் போனபின்னும் தூத்துக்குடியில் தோணி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் போனால் பாருங்கள், வெங்காயமும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பும். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.