கெட்டிமேளம் எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆறு நிமிடம்தான் என்றதால் மாலை மரியாதையை மனத்துக்குள்ளேயே செய்து முடித்துவிட்டேன்.

ஹிட்லரை அரியணையில் ஏற்றியது பசியா, பிரச்சாரமா? பிரச்சாரமே என்று பேசக் குறிப்புகளோடு வந்தேன். எதிரணி நண்பர் ஒரு போடு போட்டாரே! “ஹிட்லர் பதவியேற்றது 1933 ஜனவரி 30. கோயபல்ஸ் பிரச்சார அமைச்சரானது மார்ச்சில். மலிவு விலை ‘மக்கள் வானொலி’ வந்தது ஆகஸ்டில். தாலி கட்டிய பிறகு வாசித்த நாதசுரத்தால்தான் கல்யாணமே நடந்தது என்கிறார்கள் இவர்கள்.” நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஐயா, என்னிடமா கல்யாணக் கதை? என் அத்தை மகளுக்கு முகூர்த்த நேரம். சீரில் பித்தளை அண்டா ஒன்று குறைகிறது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து “நிறுத்துங்கள்!” என்று கத்தினார். அதே நொடியில் ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம்! பெரியப்பாவின் கை ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு சொல் கேட்கவேண்டுமே! மனிதர் உருகி உருகி வாழ்த்துகிறார் என்று நினைத்து, அவர் தலையிலும் இரண்டு பிடி அட்சதையைத் தூவினோம். மேளம் ஓய்ந்தபோது தாலி ஏறியிருந்தது. பெரியப்பா அரிசியைத் துப்பிக்கொண்டிருந்தார்.

நண்பரே, கெட்டிமேளம் கல்யாணத்தை நடத்திவைக்க அல்ல. வேறு சத்தம் காதில் விழாதிருக்க! அந்த வானொலியின் விலை 76 மார்க். பெயரிலேயே 301 என்ற எண். ஹிட்லர் பதவியேற்ற 30-1தான் அது. கல்யாணத் தேதியை மேளத்திலேயே பொறித்துவைத்த ஆட்கள்!

அதற்கு முன்னால் மேளம் இல்லையா? 1932 தேர்தலில் விமானத்தில் ஊர் ஊராகப் பறந்து பேசியது யார்? ‘எங்கள் கடைசி நம்பிக்கை ஹிட்லர்’ என்று சுவரொட்டி ஒட்டியது பசியா? பசி இருந்தது, மறுக்கவில்லை. சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் பசிக்கு யூதர்தான் காரணம் என்று கைகாட்டியது யார்? வயிற்றுக்கு ஏதையா விரல்?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

1933 மார்ச் 23. நாடாளுமன்றம் எரிந்துபோனதால் பெர்லினில் ஓர் இசையரங்கில் அவை கூடுகிறது. எல்லா அதிகாரத்தையும் ஹிட்லருக்குத் தரும் சட்டம். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருக்கிறார்கள். உள்ளேயும் வெளியேயும் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படை. அந்த மேளத்துக்கு நடுவே சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்தார். எங்கள் சுதந்திரத்தைப் பறிக்கலாம், உயிரைப் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. மூன்று மாதத்தில் அவர் கட்சியைத் தடை செய்தார்கள். 1939இல், சொந்த மண்ணைவிட்டு, பாரிசில் கண்மூடினார்.

அவருக்கு அட்சதை தூவவும் ஆளில்லை ஐயா.

நடுவர் அவர்களே, கணக்கு வழக்கெல்லாம் இருக்கட்டும். அந்த 94 பேரின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். அதாவது, எங்கள் பக்கம். வணக்கம்.