ஹாரி பர்ன்: ஒரு வாக்கும் அதற்கு அப்புறமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நியோட்டா என்று ஒரு சிற்றூர். அங்கே 1895இல் பிறந்த ஹாரி பர்ன், 22 வயதிலேயே மாநிலச் சட்டமன்றக் கீழவைக்குத் தேர்வானவர். குடியரசுக் கட்சிக்காரர்.

1920 ஆகஸ்டில் அந்த அவையின் முன் ஒரு பெரிய கேள்வி வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 35 கிடைத்துவிட்டன. டென்னசியின் மேலவையான செனட்டும் சரி என்றுவிட்டது. மிச்சம் கீழவைதான். ஆதரிப்பவர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் அணிந்திருந்தார்கள். பர்னின் சட்டையில் இருந்தது சிவப்பு.

ஆகஸ்ட் 18. திருத்தத்துக்கு ஒப்புதல் தரும் தீர்மானத்தைக் கிடப்பில் போடலாம் என்ற யோசனை முதலில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு பர்னும் ஆதரவு. ஆனால் இருபக்கமும் 48. மறுபடி எண்ணினார்கள், அதே 48. பேங்க்ஸ் டர்னர் என்ற உறுப்பினர் அதற்கு எதிராக உறுதியாக நின்றதால்தான் அது சமநிலையில் முடிந்து தோற்றது. அவரை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான். அப்புறம் தீர்மானமே வாக்கெடுப்புக்கு வந்தது. பெயர் கூப்பிட்டதும் பர்ன் "ஆம்" என்றார். 49க்கு 47 என்று தீர்மானம் வென்றது.

அப்போது அவர் சட்டைப்பையில் அம்மா ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் இருந்தது. பெண் வாக்குரிமை இயக்கத் தலைவி கேரி சாப்மன் கேட்டைக் குறிப்பிட்டு, நல்ல பிள்ளையாக இருந்து அவருக்கு உதவு என்று மகனுக்கு எழுதியிருந்தார் அந்தத் தாய். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். உருக்கமான கதைதான். ஆனால் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டால் பர்ன் வெறும் அம்மா பிள்ளையாகிவிடுகிறார். மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

லஞ்சம் வாங்கிவிட்டார் என்று எதிர்த்தரப்பு பழி சுமத்தியது. பர்ன் அவையில் எழுந்து தன் காரணங்களை வரிசையாகப் பதிவு செய்தார். பெண்களின் வாக்குரிமை அவர்களுக்கு உரியது என்பதே அவர் முதலில் சொன்னது. அம்மாவின் அறிவுரையைப் பிறகுதான் சொன்னார். 1 கோடியே 70 லட்சம் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வாய்ப்பு தன் கைக்கு வந்ததை உணர்ந்ததாகவும் சொன்னார். சில வாரங்களில் தேர்தலைச் சந்திக்க வேண்டிய 24 வயது இளைஞர் இவர்! அந்த நவம்பரில் தொகுதி மக்கள் அவரையே திரும்பவும் அனுப்பினார்கள்.

அந்த விடுதலை எல்லாப் பெண்களுக்கும் உடனே கிடைக்கவில்லை. தென் மாநிலங்களில் வாக்களிக்கவே தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற வரி, கட்ட வேண்டியிருந்தது. அதுவும் வேறு பல தடைகளும் கறுப்பினப் பெண்களைப் பல்லாண்டுகள் விலக்கி வைத்தன.

பர்ன் பிறகு வழக்கறிஞரானார், வங்கித் தலைவரானார், மாநில செனட்டிலும் அமர்ந்தார். 1953இல் டென்னசியின் அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டில் அவரும் ஒரு பிரதிநிதி. தலைவரிப் பிரிவை நீக்கும் திருத்தம் அந்த மாநாட்டில்தான் உருவானது. வாக்காளர்கள் அதே ஆண்டு அதை ஏற்றார்கள். 1977இல் பர்ன் காலமானார்.

நன்றி, வணக்கம்.