கல்பு கடைக்கு வந்த கதை

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

‘கல்பு கேட்கலை’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். கல்பு என்றால் உள்ளம். இந்தோனேசிய முஸ்லிம்களிடமும் அதே சொல் உண்டு. அவர்கள் வாயில் அது ‘கோல்பு’. அங்கே அந்தச் சொல் கடைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1998இல் இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சி விழுந்தது. அந்நாட்டு நாணயமான ரூபியாவின் மதிப்பு சரிந்து படித்தவர்கள்கூட வேலை இழந்திருந்த காலம். அதையடுத்த ஆண்டுகளில் பண்டுங் நகரத்து அப்துல்லா கிம்னஸ்தியார் தொலைக்காட்சியில் நாடறிந்தவர் ஆனார். மக்கள் அவரை ‘ஆ கிம்’ என்றார்கள். சுந்தா மொழியில் ‘ஆ’ என்றால் அண்ணன். அவர் எந்தத் தரீக்காவின், அதாவது சூஃபி வழியின், ஷைகும் அல்ல, குருவும் அல்ல. கல்பைத் துடைப்பது, நஃப்ஸ் என்னும் ஆசை மனத்தை அடக்குவது என்ற தஸவ்வுஃப், அதாவது சூஃபி நெறிப் பாடத்தை அலுவலகம் போகிறவர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னார். அதற்கு ‘மானஜெமென் கோல்பு’, கல்பு நிர்வாகம் என்று பெயர் வைத்தார். நிறுவனங்கள் ஊழியர்களை அவரிடம் பயிற்சிக்கு அனுப்பின. அந்தப் பெயரில் வானொலியும் புத்தகங்களும் வந்தன. 2006இல் அவர் இரண்டாம் திருமணம் செய்தது தெரியவந்ததும் பெண்கள் கூட்டமாக விலகினார்கள். பண்டுங்குக்கு வந்த கூட்டம் குறைந்தது, வியாபாரமும் படுத்தது.

அங்கே போனவர்களை நான் பழிக்க மாட்டேன். நெரிசலில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வீடு திரும்புகிறவனுக்கு நெஞ்சில் ஒரு வெறுமை இருக்கிறது. அந்தப் பசி மெய்யானது.

வியாபாரத்தையும் பழிக்க மாட்டேன். காயலிலும் தொண்டியிலும் மரக்கலம் விட்ட மரைக்காயர்கள் வியாபாரிகள்தாமே? தர்கா கந்தூரிக் கடைத்தெருவில் மிட்டாய் வாங்காமல் வளர்ந்தவர் இந்தச் சபையில் யார்?

எனக்கு உறுத்துவது வேறு. ஷைகின் கையைப் பிடித்து பைஅத் என்னும் உறுதிமொழி கொடுத்த முரீதிடம், அதாவது சீடரிடம், முதலில் எதையாவது விடச் சொன்னார்கள். இன்றைய வகுப்பு கட்டணத்தோடு சரி, வேறெதையும் விடச் சொல்வதில்லை. சம்பளமும் ஆசையும் அப்படியே இருக்கும், நிம்மதி மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள். நஃப்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாங்கும் பொருட்களில் தஸவ்வுஃபும் ஒன்றாகிவிட்டது.

கல்பைப் பற்றி நம் மதரஸாக்களில் இன்றும் ஓதுவது இமாம் கஸ்ஸாலி எழுதியதைத்தான். அவர் 1095இல் பக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியர். அந்நாளில் அதைவிடப் பெரிய பதவி ஆலிமுக்கு இல்லை. நான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தன்னையே கேட்டார். நா எழவில்லை, பாடம் நடத்த முடியவில்லை, உணவு இறங்கவில்லை. குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மிச்சப் பொருளைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போனார். அந்த வலிக்குப் பிறகு எழுதிய எழுத்து அது. வலியை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் விற்றால் எப்படி?

நீங்கள் வேலையை விட வேண்டாம். என் வாப்பாவும் விடவில்லை. ஜவுளிக்கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை பள்ளிவாசலில் ராத்திபு, எல்லோரும் கூடி இறைவனைப் போற்றி ஓதுவது. சம்பள வாரத்தில் அந்தி நேரம்தான் கூட்டம் வரும். அவர் மஃரிபு தொழுகைக்கு முன்பே கடையைச் சாத்திவிடுவார். எதிர்க்கடையில் விளக்கு எரியும். எங்கள் வாடிக்கைக்காரர்கள் அங்கே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்து நடப்பார். இரவு, ஓதி முடித்துப் பங்கிடும் நார்சாப் பொட்டலத்தோடு திரும்பும்போது எதிர்க்கடை இன்னும் திறந்தே இருக்கும்.