சனிக் கோள் அளவுக்கு ஒரு நட்சத்திரம்! இதை அளந்தது எப்படி?

[திரையில்: வளையங்கள் இல்லாத சனி. அருகில், ஏறத்தாழ அதே அளவில், ஒரு சிவப்பு உருண்டை.]

இடப்பக்கம் இருப்பது சனிக் கோள். ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டேன். வலப்பக்கம் இருப்பது நட்சத்திரம். ஆம், உள்ளே அணுக்கரு இணைவு நடக்கும் அசல் நட்சத்திரம்! பெயர் இபிஎல்எம் ஜே0555-57ஏபி. பெயர் வைத்தவர்களை மன்னித்துவிடுவோம். 2017-இல் அறிவிக்கப்பட்ட இது, சனியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நிறையோ வியாழனைப் போல் 85 மடங்கு. இன்னும் சற்று இளைத்திருந்தால் நட்சத்திரம் என்ற தகுதியே கிடைத்திருக்காது.

சுமார் 600 ஒளியாண்டு தொலைவில், பெரிய துணை நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றை எந்த நாடாவை வைத்து அளந்தார்கள்? கிரகணத்தை வைத்து. இது தன் துணைக்கு முன்னால் கடந்து போகும்போது துணையின் ஒளி சற்றுக் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து அளவு தெரிந்துவிடும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வாக்கியம்: அல்கோல் நட்சத்திரம் முறை தவறாமல் மங்குவதற்குக் காரணம் கிரகணமாக இருக்கலாம் என்று 1783-இல் சொன்னவர் ஜான் குட்ரிக், காது கேளாத 18 வயது இளைஞர். சரி, மேலே போவோம்.

நாம் பார்த்த சனி அளவு நட்சத்திரத்தில் ஒரு குறை உண்டு. அதன் ஒளியைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாததால், துணையின் நிறையை முதலில் கணித்துக்கொண்டு அதிலிருந்துதான் இதன் நிறையைப் பெறுகிறார்கள். கடன் வாங்கிய கணக்கு. கடனே இல்லாத கணக்கு வேண்டுமென்றால், இரண்டு நட்சத்திரங்களின் ஒளியும் தெரிய வேண்டும். அதற்கு என் மனதுக்குப் பிடித்த ஜோடி சிஎம் டிராக்கோனிஸ்.

[திரையில்: இரண்டு செங்குறுமீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன.]

சுமார் 48 ஒளியாண்டு தொலைவில் இரண்டு செங்குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள். நம் பால்வெளியில் ஏறத்தாழ நான்கில் மூன்று நட்சத்திரங்கள் இந்த இனம்தான். ஆனால் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டும் 30 மணி 26 நிமிடத்தில் ஒன்றையொன்று சுற்றி முடித்துவிடுகின்றன. அந்தப் பாதையை நாம் ஏறக்குறைய விளிம்பிலிருந்து பார்ப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு கிரகணங்கள்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போவோம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள், ஒன்றையொன்று முழுமையாகக் கடக்க எவ்வளவு நேரமாகும்? இந்தக் கணக்கை வெறுத்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். ஆனால் அதே கணக்குதான் இங்கே வானத்தில் ஓடுகிறது! ரயிலின் நீளத்துக்குப் பதில் நட்சத்திரத்தின் விட்டம். முதல் விளிம்பு தொட்டதிலிருந்து கடைசி விளிம்பு விலகும் வரையிலான நேரத்தை ஒப்பு வேகத்தால் பெருக்கினால், இரண்டு விட்டங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும்.

வேகத்தை யார் சொல்வார்கள்? நிறமாலை சொல்லும், அதாவது நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை. ஒரு நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம். அந்த நகர்வை அளந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று விநாடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது தெரிகிறது. கிரகணம் சுமார் ஒன்றேகால் மணி நேரம், அதாவது 4,500 விநாடி.

[திரையில்: 150 × 4,500 = 6,75,000]

ஆறே முக்கால் லட்சம் கிலோமீட்டர். இரண்டு நட்சத்திரங்களையும் ஒட்டி நிறுத்தினாலும் சூரியனின் அகலத்தில் பாதி வராது. பேனாவும் காகிதமும் போதும், வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். தனித்தனி அளவுகளை ஒளி குறையும் வளைகோட்டின் வடிவம் பிரித்துத் தரும். நிறைக்கு வேக விகிதமும், சுற்றும் காலத்தையும் இடைவெளியையும் நிறையோடு இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியும் போதும்: இலேசானது வேகமாக ஓடும். முடிவு, சூரியனின் நிறையில் 0.231 பங்கும் 0.214 பங்கும். பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இவ்வளவு துல்லியமாக அளந்த பிறகுதான் சங்கடமே ஆரம்பமானது. நட்சத்திரங்களின் உள்ளமைப்பைக் கணிக்கும் கோட்பாடு சொல்லும் அளவைவிட இந்த நட்சத்திரங்கள் பருமனாக இருக்கின்றன. இவை மட்டுமல்ல, காஸ்டர் என்ற நட்சத்திரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒய்ஒய் ஜெமினோரம் உள்பட இப்படிப்பட்ட பல ஜோடிகளில் ஆரம் 5 முதல் 10 சதவீதம் வரை கூடுதல். வெப்பநிலையோ கணித்ததைவிடக் குறைவு.

நான் ரசித்த இடம் இதுதான்: பருமன் கூடியதால் ஒளி கூட வேண்டும், வெப்பம் குறைந்ததால் ஒளி குறைய வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஈடுகட்டிக்கொள்வதால் மொத்த ஒளி கோட்பாட்டோடு பொருந்திப் போகிறது. ஒளியை மட்டும் அளந்திருந்தால் தவறு இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது!

முதல் சந்தேகம் காந்தப்புலத்தின் மேல். நெருங்கிச் சுற்றும் ஜோடிகள் ஓத விசையால், அதாவது ஒன்றின் ஈர்ப்பு மற்றதை இழுத்து நெளிக்கும் விசையால் பிணைக்கப்பட்டு, சுற்றும் வேகத்திலேயே தம்மைத்தாமே சுழல்கின்றன. நம் சூரியன் ஒருமுறை சுழலச் சுமார் 25 நாள். இவற்றுக்கு 30 மணி நேரம். வேகமாகச் சுழன்றால் காந்தப்புலம் வலுக்கும். அது உள்ளிருந்து வெப்பம் மேலேறுவதைத் தடுக்கும். மேற்பரப்பில் கரும்புள்ளிகள் பெருகும். வெப்பத்தை வெளியேற்ற நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? 2011-இல் 41 நாள்களுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு ஜோடியை அளந்தார்கள். அவ்வளவு விலகி இருப்பவற்றை ஓத விசை வேகமாகச் சுழல வைக்க முடியாது. அவையும் சில சதவீதம் பருமனாகவே இருந்தன. காந்தப்புலம் குற்றவாளிதான், ஆனால் தனியாளாக இதைச் செய்யவில்லை என்பது என் கட்சி. உங்கள் கட்சி எது? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

ஐந்து சதவீதத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்கு: புறக்கோளின், அதாவது வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின் ஆரத்தை, அதன் நட்சத்திரத்தின் ஆரத்தை வைத்துத்தான் கணிக்கிறோம். நட்சத்திரத்தில் ஐந்து சதவீதம் பிசகினால் கோளின் அடர்த்தியில் சுமார் பதினைந்து சதவீதம் பிசகும். பாறைக் கோளா, நீர் நிறைந்த கோளா என்ற தீர்ப்பே மாறிவிடலாம். ஏழு கோள்களோடு புகழ்பெற்ற டிராப்பிஸ்ட்-1 தனி நட்சத்திரம். கிரகணம் காட்ட அதற்குத் துணை இல்லை. அதன் நிறையை வேறு நட்சத்திரங்களில் அளந்து பெற்ற தொடர்புகளின் வழியாகத்தான் கணிக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தனி வீடியோவாகப் போடட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள்.